மருந்தியல்: பார்மசியின் இன்னொரு பெயர் அல்ல

ஐந்தாம் படிவ அறிவியல் பிரிவு மாணவர்களிடம் "அடுத்து என்ன படிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டால், வரும் பதில்களை ஒரு கை விரல்களிலேயே எண்ணிவிடலாம். மருத்துவம், பல் மருத்துவம், பார்மசி, பொறியியல். பார்மகாலஜி எனப்படும் மருந்தியலைச் சொல்பவர்கள் அரிது. அப்படிச் சொல்லும் ஓரிருவரும் பெரும்பாலும் பார்மசியைத்தான் மனத்தில் வைத்திருப்பார்கள்.

இரண்டும் ஒன்றல்ல. அது தெரியாமல் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டால், மூன்று நான்கு ஆண்டுகள் கழித்துப் பட்டம் கையில் இருக்கும். ஆனால் மருந்தாளராகப் பதிவு செய்துகொள்ள முடியாது. இன்னொரு பக்கம், "ஏன், எப்படி?" என்று விடாமல் கேட்கும் மாணவர்கள் சிலர், தங்களுக்கு மிகவும் பொருந்தக்கூடிய இந்தத் துறையைப் பற்றிக் கேள்விப்படாமலேயே வேறு எங்கோ போய்விடுகிறார்கள். எனவே இந்த வாரம் மருந்தியலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். தொடங்குவதற்கு வெளிநாட்டு ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை. ஈப்போவே போதும்.

விஷ மரத்தின் பெயரில் ஒரு நகரம்

பேராக் மாநிலத்தின் தலைநகருக்கு அந்தப் பெயர் ஈப்போ மரத்திலிருந்து வந்தது. அந்தியாரிஸ் டாக்ஸிகாரியா என்பது அதன் அறிவியல் பெயர். ஈப்போ ரயில் நிலையத்தின் முன்னால் இந்த மரம் ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இதன் பட்டையைக் கீறினால் பால் வடியும். ஓராங் அஸ்லி மக்கள் அந்தப் பாலைக் காய்ச்சிக் கெட்டியாக்கி, சிறு அம்புகளின் முனையில் தடவி, நீண்ட ஊதுகுழலில் வைத்து ஊதி வேட்டையாடி வந்திருக்கிறார்கள். அம்பு தைத்த குரங்கு சிறிது நேரத்தில் மரத்திலிருந்து விழுந்துவிடும்.

ஏன் விழுகிறது? இங்கேதான் மருந்தியல் தொடங்குகிறது.

நான்காம் படிவ உயிரியலில் உயிரணுச் சவ்வைப் படித்தபோது சோடியம்-பொட்டாசியம் பம்ப் வந்ததே, நினைவிருக்கிறதா? 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும் புரதம் அது. ஈப்போ மரப்பாலில் உள்ள நச்சுப் பொருள்கள் போய் ஒட்டிக்கொள்வது அந்தப் பம்பில்தான். பம்ப் நின்றுபோனால் இதயத் தசையின் உயிரணுக்களுக்குள் சோடியம் சேரும். சோடியம் சேர்ந்தால், கால்சியம் வெளியேறும் வழி அடைபடும். தசையைச் சுருங்கச் சொல்வது கால்சியம் என்பதால், உள்ளே கால்சியம் கூடக்கூட இதயம் மேலும் பலமாகச் சுருங்கும். ஓர் எல்லைவரை அப்படி. எல்லை தாண்டினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையும். பிறகு நின்றே போகும்.

"ஓர் எல்லைவரை இதயம் பலமாகச் சுருங்கும்" என்ற வரியை மறுபடி படியுங்கள். பலவீனமான இதயம் உள்ள நோயாளிக்கு வேண்டியதும் அதுதானே?

ஈப்போ மரத்துக்கு ஐரோப்பாவில் தூரத்து ஒற்றுமை உள்ள ஒரு செடி இருக்கிறது. அதன் பெயர் டிஜிட்டாலிஸ். உறவு தாவரக் குடும்பத்தில் இல்லை, வேதிப்பொருளில் இருக்கிறது. வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர், உடல் வீங்கிய நோயாளிகளுக்கு அதன் இலையைக் கொடுத்து, எவ்வளவு கொடுத்தால் குணம், எவ்வளவு கொடுத்தால் ஆபத்து என்று பொறுமையாகக் குறித்துவைத்து, 1785இல் நூலாக வெளியிட்டார். அந்தச் செடிக் குடும்பத்திலிருந்து வந்த டிகாக்சின் என்ற மருந்து இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. அதுவும் ஈப்போ நஞ்சு ஒட்டும் அதே பம்பில்தான் ஒட்டுகிறது.

டிகாக்சின் மாத்திரை ஒன்றில் உள்ள மருந்து 0.25 மில்லிகிராமோ அதற்கும் குறைவோதான். வீட்டில் இருக்கும் பனடோல் மாத்திரையில் பாராசிட்டமோல் 500 மில்லிகிராம். வகுத்துப் பாருங்கள், 2000 மடங்கு வேறுபாடு! சமையல் உப்பின் நான்கைந்து துகள்கள் எடையுள்ள ஒரு பொருள் இதயத்தின் போக்கையே மாற்றுகிறது. பயன் தரும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் நடுவில் உள்ள இடைவெளி டிகாக்சினுக்கு மிகவும் குறுகியது. அதனால்தான் மருத்துவர்கள் தேவைப்படும்போது இரத்தத்தில் அதன் அளவைப் பரிசோதிக்கிறார்கள்.

ஆக, மருந்தும் நஞ்சும் இரண்டு தனித்தனிப் பெட்டிகளில் இருப்பவை அல்ல. எந்தப் பொருள், எவ்வளவு, எந்த வழியாக உள்ளே போகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்ற கேள்விகளை அளந்து பார்த்து விடை சொல்வதுதான் மருந்தியல்.

ஒரு பழரசத்தால் வந்த குழப்பம்

மேலே சொன்னது, மருந்து உடலை என்ன செய்கிறது என்பது. மருந்தியலின் மறுபாதி, உடல் மருந்தை என்ன செய்கிறது என்பது. முதலாவதைப் பார்மகோடைனமிக்ஸ் என்றும் இரண்டாவதைப் பார்மகோகைனடிக்ஸ் என்றும் பல்கலைக்கழகத்தில் சொல்வார்கள். மாணவர்களைப் பாடாய்ப் படுத்துவது பெரும்பாலும் இரண்டாவதுதான். காரணம், அதில் கணக்கு வரும்.

விழுங்கிய மாத்திரை அப்படியே நோயுள்ள இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள என்சைம்கள் அதை ஓர் அந்நியப் பொருளாகப் பார்த்து மாற்றத் தொடங்கிவிடும். இவற்றில் சிப்3ஏ4 என்ற என்சைம் முக்கியமானது. இன்று பயன்பாட்டில் உள்ள மருந்துகளில் பெரும் பங்கை அதுவே மாற்றுகிறது.

கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், பெலோடிபின் என்ற இரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தார்கள். மதுவின் சுவை தெரியாமல் இருக்க கிரேப்புரூட் பழரசத்தில் கலந்து கொடுத்தார்கள். மது கலக்காத பழரசம் குடித்தவர்களின் இரத்தத்திலும் மருந்தின் அளவு எதிர்பாராத அளவுக்கு ஏறியிருந்தது. வேலையைக் காட்டியது பழம்! அது குடல் சுவரில் உள்ள சிப்3ஏ4 என்சைமைச் செயலிழக்கச் செய்கிறது. வழக்கமாகக் குடலிலேயே குறைக்கப்பட வேண்டிய மருந்து முழுவீச்சில் இரத்தத்துக்குள் போய்விடுகிறது. முடிவு 1989இல் வெளிவந்தது. இன்று கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் உள்ளிட்ட பல மருந்துகளோடு கிரேப்புரூட் வேண்டாம் என்று எச்சரிக்கிறார்கள்.

நம்மில் எத்தனை பேர் கிரேப்புரூட் சாப்பிடுகிறோம் என்று கேட்கிறீர்களா? கிரேப்புரூட்டின் பெற்றோரில் ஒன்று பொமெலோ. ஆமாம், ஈப்போவுக்குப் போனால் தம்பூன் சாலையோரக் கடைகளில் வலைப்பையில் தொங்கும் அதே பொமெலோதான். அதிலும் அந்த வகைச் சேர்மங்கள் உண்டு. எல்லா இரகங்களிலும் ஒரே அளவில் இல்லை. தாத்தாவுக்கோ பாட்டிக்கோ கொழுப்பு மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை இருந்தால், பொமெலோ சாப்பிடலாமா என்று அடுத்த முறை கிளினிக்கில் மருந்தாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

"அந்தக் கணக்கு எங்கே?" என்று கேட்பவர்களுக்கு: ஐந்தாம் படிவ இயற்பியலில் அணுக்கருச் சிதைவில் அரை ஆயுள் படிப்பீர்கள். மலாய்ப் பாடநூலில் செபாரு ஹயாட் என்று இருக்கும். உடலில் உள்ள மருந்துக்கும் அதே கணக்குதான். பாராசிட்டமோலின் அரை ஆயுள் ஏறக்குறைய 2 முதல் 3 மணி நேரம். காலையில் போட்ட மாத்திரையின் வேலை மதியத்துக்குள் முடிந்துவிடும். டிகாக்சினுக்கு ஒன்றரை நாளுக்கும் மேல், அதனால் ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு அந்த அரை ஆயுள் இன்னும் நீளும். மற்றவர்களுக்குக் கொடுக்கும் அளவையே அவருக்கும் கொடுத்தால், நாளுக்கு நாள் மருந்து சேர்ந்து நஞ்சாகிவிடும். மாத்திரை உறையில் "ஒரு நாளைக்கு 1" என்று எழுதும் அந்த எண்ணுக்குப் பின்னால் யாரோ ஒருவர் வரைந்த வளைகோடு இருக்கிறது.

சிங்கப்பூரில் பாடம் நடத்திய நோபல் விஞ்ஞானி

ஜேம்ஸ் பிளாக் ஸ்காட்லாந்துக்காரர். மருத்துவம் படித்து முடித்தபோது கடன் இருந்தது. கடனை அடைக்க 1947இல் சிங்கப்பூருக்கு வந்து, ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் உடலியல் விரிவுரையாளராக 1950 வரை வேலை பார்த்தார். மலாயாவிலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போனவர்கள் பலரும் சேர்ந்த கல்லூரி அது.

நாடு திரும்பிய பிறகு அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் நெஞ்சுவலி. இதயத் தசைக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காதபோது நெஞ்சு வலிக்கிறது. ஆகவே இரத்தக் குழாயை விரித்து, கூடுதல் ஆக்சிஜன் போக வழி செய்ய வேண்டும் என்று எல்லோரும் மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். பிளாக் கேள்வியைத் திருப்பிப் போட்டார். கூடுதலாகக் கொடுப்பதற்குப் பதில், இதயம் கேட்கும் அளவையே குறைத்தால் என்ன?

இதயத்தை வேகமாக ஓடச் செய்வது அட்ரினலின். அட்ரினலின் வந்து பொருந்துவதற்கு உயிரணுவின் மேல் ஏற்பி என்ற ஒரு பூட்டு உண்டு. அத்தகைய ஏற்பிகளில் ஆல்பா, பீட்டா என்று இரண்டு வகை இருக்க வேண்டும் என்று அமெரிக்கரான ரேமண்ட் அல்குவிஸ்ட் 1948இல் எழுதியிருந்தார். இதயத்தில் இருப்பது பீட்டா. அந்தப் பூட்டுக்குள் நுழையும், ஆனால் திறக்காத ஒரு சாவியைச் செய்துவிட்டால் அட்ரினலின் வெளியே நிற்க வேண்டியதுதான்.

முதலில் கிடைத்த புரோனெத்தலால் மருந்து வேலை செய்தது. ஆனால் எலிகளில் கட்டிகளை உண்டாக்குவது தெரியவந்தது, அதைக் கைவிட்டார்கள். பிறகு வந்ததுதான் புரோப்ரனோலால். 1960களின் நடுப்பகுதியிலிருந்து உலகெங்கும் பயன்படுகிறது. பிளாக் அதோடு நிற்கவில்லை. இதே முறையில் யோசித்து, வயிற்றில் அமிலம் சுரக்கத் தூண்டும் ஹிஸ்டமினின் ஏற்பியை அடைக்கும் சிமெட்டிடின் மருந்துக்கும் வழி காட்டினார். வயிற்றுப் புண்ணுக்கு அறுவைச் சிகிச்சை என்ற நிலை அதற்குப் பிறகுதான் பெருமளவு மாறியது. 1973இல் அவர் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் மருந்தியல் பேராசிரியரானார். 1988இல் நோபல் பரிசு.

அந்தப் பரிசை அவரோடு பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் கெர்ட்ருட் எலியன். 15 வயதில் தாத்தாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்ததால் அறிவியலைத் தேர்ந்தெடுத்தவர். 1937இல் வேதியியல் பட்டம் பெற்றும், பெண் என்பதால் ஆய்வுக்கூடங்களில் வேலை கிடைக்கவில்லை. முதுநிலைப் படிப்புக்கு இடையே நியூயார்க்கில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் எடுத்தார். என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு அவரை மிகவும் பிடிக்கும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. பிறகு குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்த குழுவில் இருந்தார்.

இவர்கள் யாரும் இளநிலையில் மருந்தியல் படித்தவர்கள் அல்லர் என்பதையும் கவனியுங்கள். மருந்தியலுக்குள் போக ஒரே வாசல் என்பது கிடையாது.

பட்டப்படிப்பில் என்ன இருக்கும்?

பிரிட்டனில் மருந்தியலைத் தனி இளநிலைப் பட்டமாகவே பல பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. முதலாண்டில் உயிரணு உயிரியல், உயிர்வேதியியல், உடலியல், புள்ளியியல். அதன் பிறகு ஏற்பிகள், நரம்புச் செய்திகள், நஞ்சியல், மேலே சொன்ன அரை ஆயுள் கணக்குகள். கடைசி ஆண்டில் ஓர் ஆய்வு. நடுவில் ஓராண்டு மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு வரும் வாய்ப்பும் சில இடங்களில் உண்டு.

செய்முறை வகுப்பில் நீண்ட காலமாக இருந்துவரும் பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். விலங்கின் குடலிலிருந்து எடுத்த ஒரு சிறு துண்டை, 37 பாகை வெப்பத்தில், ஆக்சிஜன் செலுத்தப்படும் உப்புக் கரைசலில் தொங்கவிடுவார்கள். உடலுக்கு வெளியே இருந்தும் அது உயிரோடு இருக்கும். அசெட்டில்கோலின் ஒரு துளி விட்டால் சுருங்கும். அளவைக் கூட்டக் கூட்ட மேலும் சுருங்கும். ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு விட்டாலும் அவ்வளவுதான். இதைக் கோட்டுப்படமாக வரைந்தால் சாய்ந்த எஸ் வடிவில் வரும். அட்ரோபின் சேர்த்துவிட்டு மறுபடி செய்தால் அந்தக் கோடு வலப்பக்கம் நகரும். கோடு ஏன் நகர்ந்தது என்று உங்கள் வாயால் விளக்கத் தெரிந்துவிட்டால், பிளாக் செய்த வேலையின் அடிப்படை உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று பொருள். இப்போது பல இடங்களில் இதைக் கணினி மென்பொருளிலேயே செய்கிறார்கள். விலங்குகளைப் பயன்படுத்துவது மனத்துக்கு ஒப்பவில்லை என்றால், அந்தப் பல்கலைக்கழகத்தில் எப்படி என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

மலேசியாவில் மருந்தியல் தனி இளநிலைப் பட்டமாகக் கிடைப்பது அரிது. பயோமெடிக்கல் சயன்ஸ், உயிர்வேதியியல் போன்ற பட்டங்களில் அது ஒரு பாடமாக வரும். அதன்பின் முதுநிலையில் மருந்தியலைத் தேர்ந்தெடுக்கலாம். மலாயாப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் மருத்துவப் பிரிவுகளில் மருந்தியல் துறைகள் இருக்கின்றன.

உரிமம் யாருக்கு?

இனி அந்த முக்கியமான வேறுபாடு. கிளினிக்கிலும் மருந்தகத்திலும் மருந்து வழங்கும் மருந்தாளராக வேண்டுமானால், மருந்தாளர் வாரியம் அங்கீகரித்த பார்மசி பட்டம் வேண்டும். மலேசியாவில் அது 4 ஆண்டு. பிறகு ஓராண்டுப் பயிற்சி, அதன்பின் பதிவு. நாட்டின் முதல் பார்மசி கல்வித்துறை பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1972இல் தொடங்கியது. மருந்தியல் பட்டம் இந்த உரிமத்தைத் தராது. எத்தனை நல்ல புள்ளிகள் பெற்றாலும் தராது. "பார்மகாலஜி முடித்துவிட்டுக் கடை வைக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மாறாக, பார்மசி படித்தவர் பின்னர் மருந்தியல் ஆய்வுக்குள் போக முடியும். வீட்டில் "நிச்சயமான வேலை வேண்டும்" என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள், உங்களுக்கோ ஆய்வில் ஆசை என்றால், பார்மசி படித்துவிட்டு மருந்தியலில் முதுநிலை செய்வது இரண்டு தரப்புக்கும் ஒத்துவரும் வழி. ஆனால் நோயாளிகளிடம் பேசுவதிலும் மருந்துச் சீட்டுகளைச் சரிபார்ப்பதிலும் உங்களுக்குச் சற்றும் ஆர்வம் இல்லையென்றால், அந்த 4 ஆண்டுகள் நீளமாகத் தெரியும்.

மருந்தியல் படித்தவர்கள் என்ன வேலை செய்கிறார்கள்? ஓர் எடுத்துக்காட்டு மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அரசாங்கக் கிளினிக்கில் தாத்தாவுக்குக் கொடுக்கும் மாத்திரை இந்த மாதம் வேறு நிறத்தில், வேறு பெட்டியில் வரும். "மலிவான மருந்தாகக் கொடுத்துவிட்டார்கள்" என்று அவர் முணுமுணுப்பார். அது பெரும்பாலும் ஜெனரிக் மருந்தாக இருக்கும். இத்தகைய மாத்திரைகளில் பலவற்றை விற்பனைக்கு விடுமுன், நலமாக உள்ள தன்னார்வலர்களுக்கு ஒரு முறை மூல மருந்தையும் இன்னொரு முறை ஜெனரிக்கையும் கொடுத்து, மணிக்கணக்கில் இரத்த மாதிரி எடுத்து, இரண்டு வளைகோடுகளையும் ஒப்பிடுவார்கள். இரண்டுக்கும் உள்ள விகிதம், புள்ளியியல் பிழைக்கு இடம் விட்ட பிறகும், 80 விழுக்காட்டுக்கும் 125 விழுக்காட்டுக்கும் இடையில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அனுமதி இல்லை. சோதனையைத் திட்டமிடுவது, வளைகோட்டை ஆராய்வது, அறிக்கையை எழுதுவது, அரசாங்கத் தரப்பில் அந்த அறிக்கையைச் சல்லடை போட்டுப் பார்ப்பது எல்லாமே மருந்தியல் அறிவு தேவைப்படும் வேலைகள். தாத்தாவின் சந்தேகத்துக்கு நேர்மையாகப் பதில் சொல்லக்கூடியவர்கள் இவர்கள்தான்.

புதிய மருந்துகளின் மருத்துவச் சோதனைகளை ஒருங்கிணைப்பது, விற்பனைக்கு வந்த மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிப்பது, நஞ்சியல், மருத்துவ எழுத்து என்று வேறு பாதைகளும் உண்டு. பாரம்பரிய மருந்து என்று விற்கப்படும் சில வலி நிவாரணிகளில் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு இரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு அவ்வப்போது கண்டுபிடித்து எச்சரிக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதற்கும் ஆட்கள் வேண்டுமல்லவா?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இளநிலைப் பட்டத்தோடு நின்றால், பெரும்பாலும் மற்றவர் வகுத்த ஆய்வில் உதவியாளராகத்தான் இருப்பீர்கள். சொந்தமாக ஆய்வு நடத்த முதுநிலையும் முனைவர் பட்டமும் தேவைப்படும். அதற்கு மேலும் ஐந்தாறு ஆண்டுகள் ஆகலாம். வெளிநாட்டில் படிப்பதென்றால் செலவும் பெரிது. இதைப் பெற்றோரிடம் இப்போதே பேசிவிடுவது நல்லது.

இப்போது செய்யக்கூடியவை

வேதியியலை விட்டுவிடாதீர்கள், மருந்தியலில் அதற்கு ஈடு வேறு பாடம் இல்லை. கூடுதல் கணிதத்தில் மடக்கையைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். அந்த எஸ் வடிவக் கோடு அளவுகளை மடக்கையில் குறித்தால்தான் எஸ் ஆகத் தெரியும். உயிரியலில் மனப்பாடம் செய்யும் ஒவ்வொரு ஹார்மோனுக்கும் "இது எந்த ஏற்பியில் ஒட்டும், அடைத்தால் என்ன நடக்கும்?" என்று ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு மருந்துப் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். மலேசியாவில் பதிவான ஒவ்வொரு மருந்திலும் எம்-ஏ-எல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் எண் இருக்கும். அதன் பின்னால் வரும் எழுத்து எக்ஸ் என்றால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடியது, ஏ என்றால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, டி என்றால் பாரம்பரிய மருந்து. உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்து, மருந்து எப்படிச் செயல்படுகிறது, உடலில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்ற பகுதிகளைப் படித்துப் பாருங்கள். பாதி புரியாது, பரவாயில்லை. புரியாத அந்தப் பாதியைத் தேடிப் போகத் தோன்றுகிறதா, தாளை மடித்து உள்ளே வைத்துவிடத் தோன்றுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

பல்கலைக்கழகப் பாடப் பட்டியலை ஆராயும்போது, பெயரை மட்டும் பார்த்துவிட்டு விண்ணப்பிக்காமல் மூன்று விவரங்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் பட்டம் மருந்தாளர் வாரியத்தின் அங்கீகாரம் பெற்றதா, இறுதியாண்டு ஆய்வு எத்தனை மாதம், சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், துறையின் விரிவுரையாளர் ஒருவருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள்.